பிஸ்கட் டின்னில் கிடைத்த பழைய பிரிட்டிஷ் ரயில் படம்: எந்த ஊர், எந்த வருடம்?

#1 பிரிஸ்டல்காரி

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை, கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பார்களே, அந்தச் சந்தைக்குப் போயிருந்தேன். பீங்கான் தட்டு வாங்கத்தான் போனது. ஒரு பெரியவர் பிஸ்கட் டின் நிறைய பழைய ரயில் படங்கள் வைத்திருந்தார், ஒன்று 50 பென்ஸ். ஏழு எடுத்துக்கொண்டு வந்தேன், அதில் ஒன்றை மூன்று நாளாக மேசையை விட்டு எடுக்கவே மனம் வரவில்லை.

போஸ்ட் கார்டு அளவு, கருப்பு வெள்ளை. ஒரு ஸ்டேஷன், மேலே பெரிய வளைவுக் கூரை. நீராவி எஞ்சினின் முன்பாதி கூரைக்கு வெளியே, டெண்டரும் (கரியும் தண்ணீரும் வைக்கும் பின்வண்டி) பெட்டிகளும் உள்ளே. டிரைவர் குனிந்து நீள மூக்கு எண்ணெய்க் கேனைச் சக்கரத்துக்குள் விட்டிருக்கிறார். பிளாட்பாரத்தின் விளிம்பில் அரைக்கால் சட்டை போட்ட ஒரு பையன், பத்துப் பதினோரு வயதிருக்கும், ஒரு கால் உறை கணுக்கால் வரை இறங்கிக் கிடக்கிறது, கையில் சின்னப் புத்தகம், பென்சிலை வாயில் வைத்திருக்கிறான். எஞ்சின் முகத்தில் எண் 4056 வரை தெரிகிறது, கடைசி இலக்கத்தை ஆவி மறைத்துவிட்டது.

பின்பக்கம் பென்சிலில் 'கடைசி நாள், 1966' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். எந்தப் பாதைக்குக் கடைசி நாள், எந்த ஊர், ஒன்றும் இல்லை. எனக்குப் புரியாத இன்னொன்றும் உண்டு. கூரைக்கு அடியில்தான் பிளாட்பாரம் இருக்கிறது, ஆனால் தரையில் பட்டை பட்டையாக வெயில் விழுந்திருக்கிறது. கூரைக்குள் வெயில் எப்படி வந்தது?

#2 பொன்மலையான்

அம்மா, நல்ல படம் கிடைத்திருக்கிறது உங்களுக்கு. என் அப்பா பொன்மலைப் பணிமனையில் பாய்லர் பிரிவில் இருந்தவர், நானும் ரயில்வேயில் ஓய்வு பெற்றவன், அதனால் எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

1948 ஜனவரி 1-ல் அங்கே நான்கு பெரிய கம்பெனிகளையும் அரசு எடுத்துக்கொண்டு பிரிட்டிஷ் ரயில்வேஸ் ஆக்கியது. நான்கு கம்பெனி எஞ்சின்களிலும் ஒரே எண்கள் இருக்குமே, அதனால் சதர்ன் எண்களோடு 30000, எல்.எம்.எஸ். எண்களோடு 40000, எல்.என்.இ.ஆர். எண்களோடு 60000 என்று கூட்டினார்கள். கிரேட் வெஸ்டர்ன்காரர்கள் எண்ணைப் பித்தளையில் வார்த்து மாட்டியிருந்ததால் அதை மட்டும் தொடவில்லை. ஆக உங்கள் எஞ்சின் எல்.எம்.எஸ். வழி வந்தது, படம் 1948-க்கு அப்புறம். முன்னால் நான்கு சின்னச் சக்கரம், பின்னால் நான்கு பெரிய சக்கரம் இருந்தால் அது 2பி வகை, சாதாரண பயணி வண்டிக்கான நடுத்தர எஞ்சின். அப்படியானால் 1966 என்று எழுதியவர் தப்பாக எழுதியிருக்கிறார். 2பி எஞ்சின்கள் 1962-லேயே முழுவதும் கழித்துக் கட்டப்பட்டுவிட்டன.

விளக்குகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

#3 பிரிஸ்டல்காரி

ஐயா, சக்கரம் நீங்கள் சொன்ன மாதிரியேதான்! விளக்கு இரண்டு இருக்கிறது. ஒன்று புகைபோக்கிக்கு நேர் கீழே, இன்னொன்று ஒரு பக்கத்து பஃபருக்கு (முன்னால் இடி தாங்கும் வட்டத்துக்கு) மேலே. ஏன் இப்படிக் கோணலாக வைத்தார்கள் என்று எனக்கும் தோன்றியது.

#4 கைகாட்டி

அக்கா, அது கோணல் இல்லை, அதுதான் வண்டியின் விலாசம். பகலில் வெளிச்சத்துக்காக விளக்கு வைப்பதில்லை, சிக்னல் பெட்டியில் இருப்பவர் தூரத்திலேயே என்ன வண்டி வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். இரண்டு பஃபருக்கும் மேலே ஒவ்வொன்று இருந்தால் எக்ஸ்பிரஸ். புகைபோக்கி அடியில் ஒன்றே ஒன்று இருந்தால் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் பாசஞ்சர். சரக்கு வண்டிகளுக்கு வேறு வேறு வரிசை. நாட்டில் பெரும்பாலான இடங்களில் இதுதான் வழக்கம், ஆனால் புகைபோக்கி அடியில் ஒன்று, பஃபர் மேல் ஒன்று என்று சாதாரண பயணி வண்டிக்கு வைத்தது ஒரு பாதையில். சாமர்செட் அண்டு டார்செட், பாத் நகரத்திலிருந்து போர்ன்மத் கடற்கரைக்குப் போன பாதை. படத்தை அங்கேதான் எடுத்திருக்க வேண்டும்.

(மதுரையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன். அந்தப் பாதையைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் அதன் ஒவ்வொரு ஸ்டேஷனையும் வரிசையாகச் சொல்வேன்.)

#5 குரோய்டன்வாசி

தம்பி கைகாட்டி சொன்னது சரி. இந்தக் கூரையை எனக்குத் தெரியும். பாத் கிரீன் பார்க் ஸ்டேஷன். அக்கா, நீங்கள் இருக்கிற பிரிஸ்டலிலிருந்து பக்கத்து ஊர்தான்!

வெயில் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். 1942 ஏப்ரலில் ஜெர்மன் விமானங்கள் பாத் மேல் குண்டு போட்டன, அதில் அந்தக் கூரையின் கண்ணாடி நொறுங்கிப் போனது. ரயில் ஓடின காலம் முடியும் வரைக்கும் திரும்பக் கண்ணாடி போடவே இல்லை. வெறும் இரும்புச் சட்டம், நடுவில் வானம். அதுதான் உங்கள் பிளாட்பாரத்தில் விலா எலும்பு மாதிரி நிழலும் வெயிலும். மழை நாளில் கூரைக்குள் குடை பிடித்து நின்றிருப்பார்கள்.

எஞ்சினுக்குப் பின்னால் டெண்டரின் பக்கவாட்டில் கொக்கி மாதிரி ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். பாத்தை விட்டு வெளியே வந்ததும் மிட்ஃபோர்டு வரைக்கும் ஒற்றைப் பாதை, 50 அடிக்கு ஓரடி ஏற்றம். ஒற்றைப் பாதையில் டேப்லெட், அதாவது இந்தப் பாதையில் போகலாம் என்று டிரைவருக்குக் கொடுக்கும் அடையாள வில்லை, இல்லாமல் வண்டி நகரக் கூடாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை வாங்கவும் கொடுக்கவும் விட்டேக்கர் என்கிற அந்தப் பாதையின் எஞ்சின் அதிகாரி ஒரு கருவி செய்தார். அந்தக் கொக்கி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

#6 பிரிஸ்டல்காரி

இருக்கிறது! கொக்கி இருக்கிறது! இத்தனை நாள் அதை ஏணியின் துண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார் என்று என் பாட்டி சொல்வாள், அப்படித்தான் நேற்று ராத்திரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எஞ்சின் முகத்துக் கதவின் அடியில் ஒரு முட்டை வடிவத் தகடு. அதில் 82 எஃப். டெண்டரில் ஒரு சிங்கம், வண்டிச் சக்கரத்தின் மேல் கால் பரப்பி நிற்கிறது. இதையெல்லாம் வைத்து வருடம் சொல்ல முடியுமா?

#7 பொன்மலையான்

சிங்கம் சக்கரத்தின் மேல் நிற்கிறதென்றால் அது பழைய முத்திரை. 1956-ல் புது முத்திரை வந்துவிட்டது, அதில் சிங்கம் கிரீடத்திலிருந்து எழுந்து சக்கரத்தைக் கையில் பிடித்திருக்கும். ஆகவே உங்கள் படம் 1956-க்கு முந்தியது. என் கணக்கு 1953 அல்லது 54.

#8 கைகாட்டி

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். தகடு வேறு சொல்கிறது. அந்த முட்டைத் தகடு எஞ்சின் எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்பதற்கு. பாத் கிரீன் பார்க் ஷெட்டின் குறியீடு 1950-லிருந்து 71 ஜி. 1958 பிப்ரவரியில் அந்த ஷெட் வெஸ்டர்ன் மண்டலத்தின் கைக்குப் போனபோதுதான் 82 எஃப் ஆனது. அதற்கு முன்னால் அந்தத் தகடு இருந்திருக்க வழியே இல்லை.

சிங்கம் பெயின்ட். அடுத்த முறை பெரிய பழுதுக்குப் பணிமனைக்குப் போகும்போதுதான் புது முத்திரை விழும். கழிக்கப் போகிற எஞ்சினுக்கு யாரும் செலவழித்துப் பெயின்ட் அடிப்பதில்லை. தகடு நான்கு திருகில் நிற்கும் இரும்பு, ஷெட்டிலேயே அரை மணியில் மாற்றிவிடலாம். பெயின்ட் பின்தங்கும், தகடு பின்தங்காது.

#9 பொன்மலையான்

சரி தம்பி, ஒத்துக்கொள்கிறேன். பொன்மலையிலும் அப்படித்தான், ஓவர்ஹாலுக்கு வந்தால்தான் எழுத்து மாறும். அப்படியானால் 1958 பிப்ரவரிக்குப் பின், 1962-க்குள். பையன் அரைக்கால் சட்டையில் கோட்டில்லாமல் நிற்கிறான், நிழல்கள் குட்டையாக இருக்கின்றன. கோடை காலம்தான், 1958-லிருந்து 61 வரைக்கும் ஏதோ ஒரு கோடை.

#10 குரோய்டன்வாசி

1966 என்று எழுதினவரையும் கோபிக்க வேண்டாம். அந்தப் பாதையின் முடிவு அவ்வளவு வலித்திருக்கிறது. 1963 மார்ச்சில் பீச்சிங் அறிக்கை வந்தது, 2,363 ஸ்டேஷன்களை மூடச் சொல்லி. சாமர்செட் அண்டு டார்செட்டும் அந்தப் பட்டியலில் விழுந்தது. அதற்கு முன்னாலேயே, 1962 செப்டம்பர் 8-ந் தேதி, மான்செஸ்டரிலிருந்து போர்ன்மத் போகும் பைன்ஸ் எக்ஸ்பிரஸ் இந்தப் பாதையில் கடைசியாக ஓடியது. இழுத்தது ஈவினிங் ஸ்டார், பிரிட்டிஷ் ரயில்வேஸ் கட்டிய கடைசி நீராவி எஞ்சின். அதற்கப்புறம் அந்த வண்டியை வேறு பாதையில் திருப்பிவிட்டார்கள். 1966 ஜனவரி 3-ல் பாதையை மூடுவதாக இருந்தது, பதிலுக்கு பஸ் விடுவதாகச் சொன்னவர்களில் ஒருவர் பின்வாங்கியதால் இரண்டு மாதம் இழுத்து, மார்ச் 7-ந் தேதி மூடினார்கள்.

ஸ்டேஷன் கட்டிடம் நிற்கிறது, கூரைக்குக் கண்ணாடி திரும்பப் போட்டுவிட்டார்கள், அடியில் கார் நிறுத்துகிறார்கள், சந்தை நடக்கிறது. அந்தப் பாதையின் கூம் டவுன் சுரங்கத்தில் இப்போது சைக்கிள் பாதை, 2013-ல் திறந்தது. 1829 கெஜ நீளம், புகை வெளியேற ஒரு காற்றுக் கிணறு கூட வெட்டாத சுரங்கம். போன வருடம் மகளோடு சைக்கிளில் போனேன். குளிர்ந்த காற்றும் ஈரமும்தான். ஏற்றத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்க, ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு கரி தள்ளிய பயர்மேன்களை நினைத்துக்கொண்டே மிதித்தேன்.

#11 இருட்டறை

இந்த இழையை நேற்றுதான் பார்த்தேன். நான் கோவையில் பிலிம் காலத்துப் புகைப்படக்காரன், படம் எடுத்தவர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பழைய ரயில் படங்களில் பெரும்பாலானவற்றில் வண்டி நிற்கும், அல்லது ஏற்றத்தில் திணறிக்கொண்டு வரும். மணிக்கு 60 மைல் என்றால் நொடிக்கு 88 அடி. நொடியில் 500-ல் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடும் ஷட்டரிலும் அதற்குள் எஞ்சின் இரண்டு அங்குலம் நகர்ந்துவிடும். குறுக்கே ஓடும் வண்டியை எடுத்தால் கலங்கும். அதனால்தான் வண்டி நம்மை நோக்கிச் சாய்வாக வரும்போது எடுப்பார்கள். அப்புறம் ஷாப், பீட்டாக், லிக்கி மாதிரி ஏற்றங்களைத் தேடிப் போனார்கள். அங்கே வண்டி மெதுவாக வரும், புகையும் கொட்டும்.

எரிக் டிரேசி என்று ஒரு பாதிரியார் இருந்தார், பின்னாளில் வேக்ஃபீல்டு பிஷப் ஆனவர். லிவர்பூல் எட்ஜ் ஹில் பகுதியில் ஊழியம் செய்தபோது ரயில்காரர்களோடு அவ்வளவு நெருக்கம், அவர் வருகிறார் என்று தெரிந்தால் பயர்மேன் வேண்டுமென்றே கரியை அள்ளிப் போட்டுப் புகை காட்டுவாராம். 1978 மே 13-ந் தேதி ஆப்பிள்பி ஸ்டேஷனில் கேமராவோடு ஒரு வண்டிக்காகக் காத்திருந்தபோதே இறந்துபோனார். காத்திருந்த எஞ்சின் எது தெரியுமா, குரோய்டன் அண்ணா மேலே சொன்ன அதே ஈவினிங் ஸ்டார்.

உங்கள் பாதையைப் படமெடுத்ததில் பெரிய பெயர் ஐவோ பீட்டர்ஸ். பாத்காரர். தண்டவாளத்தை ஒட்டி நிற்க அனுமதி வாங்கி வைத்திருந்தார், வண்டியோடு போட்டி போட்டுக்கொண்டு தன் பென்ட்லி காரில் அடுத்த ஸ்டேஷனுக்குப் போவார், பல படங்களின் ஓரத்தில் அந்தக் காரும் நிற்கும். அக்கா, உங்கள் படம் அவருடையது என்று சொல்லவில்லை. அவர் எடுத்திருந்தால் அந்தப் பையன் நடுவில் வந்திருக்க மாட்டான். இதை எடுத்தவருக்கு எஞ்சினை விடப் பையன்தான் முக்கியம். என் ஊகம், எடுத்தது அவன் அப்பா அல்லது அம்மா.

#12 பிரிஸ்டல்காரி

இதைப் படித்துவிட்டுத் திரும்பப் படத்தைப் பார்த்தேன். உண்மைதான். ஃபோகஸ் பையன் மேல் இருக்கிறது. எஞ்சின் எண்ணில் ஆவி பட்டதைப் பற்றி எடுத்தவர் கவலைப்படவே இல்லை.

#13 வண்ணம்பூசி

எல்லோரும் மும்முரமாக இருக்கிறீர்கள், நான் ஒரு உதவி செய்யலாம் என்று அக்கா போட்ட படத்தை மென்பொருளில் கொடுத்து வண்ணமாக்கி இணைத்திருக்கிறேன். எஞ்சின் பச்சை, பெட்டிகள் பழுப்பு, பையனின் சட்டை நீலம். எப்படி இருக்கிறது?

#14 கைகாட்டி

பையனின் முகம் உயிரோடு வந்திருக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் எஞ்சின் பச்சை இல்லை. பிரிட்டிஷ் ரயில்வேஸ் காலத்தில் 2பி கருப்பு, ஓரத்தில் சிவப்பு, கிரீம், சாம்பல் என்று மெல்லிய கோடுகள். பெட்டிகள்தான் பச்சையாக இருந்திருக்கலாம், அந்தப் பாதையின் உள்ளூர் வண்டிகளுக்குச் சதர்ன் பச்சைப் பெட்டிகள் வந்தன. மென்பொருள் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டது.

#15 இருட்டறை

தம்பி வண்ணம்பூசி, உங்கள் ஆசை புரிகிறது, ஆனால் இன்னும் பழைய படங்களில் இதைச் செய்யும்போது ரொம்பக் கவனம் வேண்டும். பழைய கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. இருட்டறையில் சிவப்பு விளக்கு போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிந்ததே அதனால்தான். ஆகவே சிவப்பு எஞ்சின் படத்தில் கருப்பாக விழும், நீலமோ வெளிறிப்போய் விழும். மிட்லண்ட் கம்பெனியின் கருஞ்சிவப்பு எஞ்சின்களைப் பழைய படத்தில் பார்த்தால் கரி பூசிய மாதிரி இருக்கும். இதே சாமர்செட் அண்டு டார்செட்டின் எஞ்சின்கள் 1930 வரை பிரஷ்யன் நீலம், ஆழமான நீலம். அந்தக் காலத்துத் தகட்டில் அது உண்மையில் இருந்ததை விட வெளுப்பாகத்தான் விழும். சாம்பல் நிறத்தை மட்டும் வைத்து மென்பொருளால் எதைக் கண்டுபிடிக்க முடியும்?

இன்னொரு வலையும் இருக்கிறது. பணிமனையில் புது எஞ்சின் முடிந்ததும் அதிகாரபூர்வப் படத்துக்காக அதற்கு மங்கலான சாம்பல் பெயின்ட் அடிப்பார்கள். பளபளப்பு இருந்தால் வெளிச்சம் அடித்து ஆணி, கோடு, எழுத்து ஒன்றும் தெரியாது. படம் எடுத்த பிறகுதான் உண்மையான நிறம். அந்தப் படத்தை வண்ணமாக்கினால் ஒரு நாள் கூடத் தண்டவாளத்தில் ஓடாத நிறத்துக்குத்தான் நாம் நிறம் கொடுத்திருப்போம்.

#16 வண்ணம்பூசி

இது எனக்குத் தெரியாது. நன்றி அண்ணா. இணைத்த படத்தை எடுத்துவிட்டேன். கருப்பு எஞ்சின், பச்சைப் பெட்டி என்று கையால் செய்து, 'நிறம் ஊகம்' என்று படத்தின் மேலேயே எழுதிப் போடுகிறேன், சரியா?

#17 இருட்டறை

அப்படிச் செய்தால் எனக்கு முழுச் சம்மதம்.

#18 பொன்மலையான்

பையனைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். ரயில் படம் என்றால் எஞ்சின் என்று இவ்வளவு நாள் நினைத்தவன் நான். லெஸ்டர் ஊரில் நியூட்டன் என்று ஒரு புகைப்படக்காரர், 1890-களில் கிரேட் சென்ட்ரல் பாதை லண்டனுக்கு நீண்டபோது அந்த வேலையையே படமெடுத்தார். மண் வெட்டினவர்கள், குதிரைகள், தகரக் கொட்டகையில் குடியிருந்த குடும்பங்கள், வாசலில் நிற்கும் பெண்கள். வண்டியே இல்லாத ரயில் படங்கள் அவை. 1899-ல் திறந்த அந்தப் பாதையின் பெரும்பகுதியை 1966-ல் மூடிவிட்டார்கள், ஆனால் வெட்டின ஆட்களின் முகங்கள் தகட்டில் இருக்கின்றன. நம் பக்கம் பாம்பன் பாலத்துக்குக் கல் சுமந்தவர்களின் முகத்தை யாராவது இப்படி வரிசையாக எடுத்து வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

#19 கைகாட்டி

ஐயா, படம் சாட்சி சொன்ன கதையும் உண்டு. 1879 டிசம்பர் 28 இரவு புயலில் ஸ்காட்லாந்தில் டே என்கிற ஆற்றின் மேலிருந்த ரயில் பாலம் வண்டியோடு ஆற்றில் விழுந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை. விசாரணைக்காக உடைந்த தூண்களைப் பெரிய கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் கழித்து அந்தப் படங்களைப் பெரிதாக்கி, தூண்களில் குறுக்குக் கம்பிகளை மாட்டும் வார்ப்பிரும்புக் காதுகள் எங்கே முறிந்தன என்று பொறியாளர்கள் திரும்பப் படித்தார்கள். அந்த எஞ்சினை ஆற்றிலிருந்து எடுத்துச் சரி செய்து 1919 வரை ஓட்டினார்கள், அதற்கு டைவர் என்று பட்டப்பெயர். நம்மூராக இருந்தால் முக்குளிப்பான் என்றிருப்பார்கள்.

#20 குரோய்டன்வாசி

அக்கா, பின்பக்க எழுத்தை அழித்துவிடாதீர்கள். தப்பாக இருந்தாலும் அது படத்தோடு வந்தது. படத்தை ஒட்டு நாடா போட்டு எதிலும் ஒட்டவும் வேண்டாம், பிளாஸ்டிக் ஆல்பமும் வேண்டாம், அமிலமில்லாத காகித உறை கடையில் கிடைக்கும். உறையின் மேல் பென்சிலால் எழுதி, பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.

#21 பிரிஸ்டல்காரி

உறை வாங்கிவிட்டேன். இப்படி எழுதினேன்: 'பாத் கிரீன் பார்க். எல்.எம்.எஸ். 2பி, எண் 4056-, கடைசி இலக்கம் தெரியவில்லை. ஷெட் தகடு 82 எஃப். 1958 முதல் 1961 வரை ஒரு கோடை. பின்பக்கம் 1966 என்றிருப்பது வேறு கை.'

நேற்று மத்தியானம் டியூட்டி முடிந்து ரயில் பிடித்து பாத் போனேன். அந்தக் கூரைக்கு அடியில், முன்னாளில் தண்டவாளம் வெளியே போன பக்கமாக நடந்து, பையன் நின்ற இடம் எதுவாக இருக்கும் என்று படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடினேன். இரும்புத் தூணின் அடிப்பாகத்தை வைத்து ஒரு இடம் கண்டுபிடித்தேன். அங்கே ஒரு வெள்ளைக் கார் நின்றது. கார்க்காரம்மா வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார், படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, காரைக் கொஞ்சம் பின்னால் எடுத்துத் தருகிறேன், நீங்கள் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

இந்த வாரக் கடைசியில் இரண்டாவது படத்தைப் போடுகிறேன். அதில் ஸ்டேஷன் இல்லை, ஒரு பாலம், மழை, சிக்னல் கம்பத்தில் ஏறி நிற்கும் ஒரு ஆள். கைகாட்டித் தம்பி, கம்பத்தின் கை மேல்நோக்கி நிற்கிறது, அதிலிருந்து ஏதாவது தெரியுமா?

#22 கைகாட்டி

மேல்நோக்கி நின்றால் கிரேட் வெஸ்டர்ன் இல்லை அக்கா, வழி விடும்போது அவர்களுடைய கை கீழே இறங்கும். படத்தைப் போடுங்கள், காத்திருக்கிறேன்.